மச்சினன் கொண்டுவந்த சுருட்டு

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இந்தா, இதுல உக்காருங்க. வடிவு மில்லுக்குப் போயிருக்கா, மல்லி வத்தல் திரிக்க. இப்ப வந்திருவா. தேதி எழுதுற டைரி அவகிட்டதான் இருக்கு. அவ வந்தாத்தான் தை மாசத்துல எந்தத் தேதி காலியா இருக்குன்னு சொல்ல முடியும். மகளுக்குக் கல்யாணம்னு சொன்னியள்லா? நல்லது. மறுவீட்டுக்குச் சொதி உண்டுமா? உண்டா, அப்பம் சரி.

என்ன, மூக்கைச் சுளிக்கிய? வாடை வருதா? என்ன வாடை, சொல்லுங்க. இல்ல, சும்மாதான் கேக்கேன். தோணினதைச் சொல்லுங்க. பழைய சாக்கா? ம். கேட்டுக்கிட்டேன்.

அது சுருட்டு வாடை அண்ணாச்சி. நாலு மாசம் ஆச்சு குடிச்சு. சுவத்துல ஏறி உக்காந்துட்டு போல. பயப்படாதீங்க, விட்டுட்டேன். நெல்லையப்பர் சன்னதியில நாலு பேரு பாக்கச் சத்தியம் பண்ணி விட்டேன். உங்ககிட்டயும் சொல்லியிருப்பாவளே, 'பிரமநாயகம் சுருட்டை விட்டுட்டாரு, இனிமே தைரியமாக் கூப்பிடலாம்'னு. அதைக் கேட்டுத்தான கோயில்பட்டியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கிய?

ஆனா மகள் கல்யாணம்னு சொன்னிய பாருங்க. அந்த வார்த்தைக்காக ஒண்ணு சொல்லணும். உள்ளூர்க்காரன்கிட்டச் சொல்ல முடியாது. நீங்க வெளியூரு. கேட்டுட்டு வேண்டாம்னு தோணுச்சுன்னா எந்திரிச்சுப் போயிருங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். எனக்கு இப்பம் எதுவும் பெருசாத் தோணுறதில்ல, அது வேற விஷயம்.

நான் முப்பத்திரண்டு வருஷமா தவசுப்பிள்ளை. கல்யாணச் சமையல்காரனை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாவ. ஒரே முகூர்த்தத்துல ஆயிரம் எலை போட்டவன். ஆனா ஒருநாள்கூட ஒரு சொட்டு நாக்குல வச்சு ருசி பாத்ததில்ல. எங்க வழக்கம் அது. சமைச்சது முதல்ல சாமிக்குப் போகணும், அதுக்கு முந்தி நம்ம எச்சில் படலாமா? அப்பம் உப்பு எப்படித் தெரியும்னு கேப்பிய. ஆவி அண்ணாச்சி. மூடியைத் தூக்கினா ஒரு ஆவி வரும்லா, அதுல எல்லாம் இருக்கு. உப்பு குறைஞ்ச சாம்பாருக்கு ஒரு வாசம், கூடின சாம்பாருக்கு ஒரு வாசம். சொதியில தேங்காப்பால் திரியப் போகுதுன்னா அரை நிமிசம் முந்தியே வாசம் மாறும். பத்தடி தள்ளி நின்னு 'அடுப்பைத் தணி'ம்பேன். ஆளுக ஓடி வந்து தணிப்பானுவ.

வீட்டுலயும் அப்படித்தான். தெருமுனையில திரும்பும்போதே சொல்லிருவேன், 'வடிவு, இன்னைக்குப் புளி கூடிட்டு'ன்னு. அவ வாசல்ல நின்னு சிரிப்பா. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, 'எங்க வீட்டுக்காரரு மூக்கைப் பாத்தியா'ம்பா. அவளுக்கு அதுல அம்புட்டுப் பெருமை. நகை நட்டு போட்டுப் பெருமைப்பட நான் ஒண்ணும் பண்ணல, இது ஒண்ணுதான். அந்த மூக்குக்காக நான் பீடி தொட்டதில்ல, பொடி போட்டதில்ல, கல்யாண வீட்டுல பன்னீர் தெளிச்சாக்கூட முகத்தைத் திருப்பிக்கிடுவேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஊருக்கெல்லாம் ஒரு காய்ச்சல் வந்துச்சுல்லா. எனக்கும் வந்துச்சு. எல்லாருக்கும் போன வாசம் பத்து நாள்ல திரும்பி வந்திட்டு. எனக்கு வரல. அவ்வளவுதான் விஷயம்.

எந்திரிக்கலையா? சரி, இருங்க.

அந்த வருசம் எங்க அக்கா போயிட்டா. வீடு முழுக்க மாலை, ஊதுபத்தி, சாம்பிராணி. நான் நடுவுல உக்காந்திருக்கேன். ஒண்ணும் வரல. டிவியில யாரோ செத்த வீட்டைக் காட்டுற மாதிரி இருந்துச்சு. என்னைத் தூக்கி வளர்த்த அக்கா அண்ணாச்சி. கண்ணுல தண்ணி வரல. அழணும்னு தெரியுது, அழுகை எங்க இருக்குன்னு தெரியல. வடிவுதான் துண்டை எடுத்து என் முகத்துல வச்சா, நாலு பேரு பாக்காவன்னு.

அவகிட்டச் சளின்னு சொல்லி வச்சிருந்தேன். 'சளி லேசுல போகாது, ஊர்ல எல்லாருக்கும் இருக்கு'ன்னு அவளும் சொல்லிட்டா. கள்ளமில்லாத பொம்பளை, எதைச் சொன்னாலும் நம்பிருவா. அப்பம் அவளுக்கு ஒரு விளையாட்டு. கடைக்குப் போயிட்டு வந்தா கையை மூடிக்கிட்டு என் மூக்குக்கு நேரா நீட்டுவா. 'இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்'பா. பெருங்காயத்தை ஓமம்னு சொல்லிட்டேன் ஒருநாள். இன்னொரு நாள் கறிவேப்பிலையைப் புதினான்னேன். கையை விரிச்சுப் பாப்பா. 'சளிதான்'னு சொல்லிட்டு உள்ள போயிருவா. எனக்கு ஆத்திரமா வரும், வயசான காலத்துல என்ன விளையாட்டுன்னு.

வேலை எப்படி நடந்துச்சுன்னு கேக்கியளா? கை இருக்கே. முப்பது வருசக் கை. கண்ணை மூடி அள்ளினாலும் அளவு தப்பாது. அப்படித்தான் ஓடிச்சு. ஒரு ஆளு ஒரு குறை சொல்லல. அந்த நேரம் பாத்து இவளும் வேலைக்கு வர ஆரம்பிச்சிட்டா. 'வீட்டுல ஒத்தையில இருக்கப் பிடிக்கல'ன்னா. வந்தா காய் நறுக்குற பக்கம் இருக்கணும்லா? இருக்க மாட்டா. அண்டா அண்டாவாச் சுத்துவா. நான் அந்தப் பக்கம் திரும்பினா, கரண்டியில எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கிப் பாப்பா. என் அடுக்களையில! சாமிக்கு எடுத்து வைக்கும் முன்ன! நான் பாத்துட்டேன்னா சேலை முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு, 'பசிச்சுச்சு'ம்பா. வயசானா சிலபேருக்கு வாய் அடங்காது, அப்படி ஆயிட்டாளேன்னு எனக்கு விசனம். ஆளுக முன்னால சொல்லவும் முடியல. இதுல அவளுக்கு ஒரு பழக்கம் வேற, நக்கிப் பாத்துட்டு ஆளுககிட்ட என்னமோ குசுகுசுன்னு சொல்லுவா. அவனுவளும் உப்பு டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடுவானுவ. ஊர்க்கதை பேசுவா போல.

இப்படி இருக்கையில போன ஆனி மாசம் இவ தம்பி சங்கரலிங்கம் சிலோனுக்கு டூர் போனான். கதிர்காமம், திருக்கோணமலைன்னு ஒரு கூட்டமாப் போனாவ. புறப்படுறதுக்கு முந்தின நாள் இங்க வந்தான். அக்காளும் தம்பியும் அடுக்களையில ரொம்ப நேரம் பேசினாவ. நான் போனதும் பேச்சை நிப்பாட்டிட்டாவ. சேலை கீலை கேட்டிருப்பான்னு நினைச்சேன்.

பத்து நாள் கழிச்சு வந்தான். அக்காளுக்கு ரெண்டு பாக்கெட் தேயிலை. பக்கத்து வீட்டுக்குக்கூட ஒரு வாசனைச் சோப்பு. எனக்கு என்ன தெரியுமா? ஒரு கட்டு சுருட்டு. பேப்பர்ல சுத்தி, மேல சணல் போட்டுக் கட்டி. இருபத்தஞ்சு இருந்துச்சு. கறுப்பா, கோணல் மாணலா, ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லி. அந்த ஊர்க்காரன் குடிக்கிற நல்ல சுருட்டா இருந்தாலும் பரவால்ல. பஸ் நின்ன இடத்துல ஒரு பெட்டிக்கடையில, 'இருக்கிறதுலயே மட்டமானது எது'ன்னு கேட்டு வாங்கினேன்னு அவன் வாயாலயே சொல்லுதான். 'நல்ல காட்டமா இருக்கணும் அத்தான், அதான்'ங்கான். சுருட்டையே தொடாத ஆளுக்குச் சுருட்டு. அதுலயும் மட்டச் சுருட்டு. அவன் கல்யாணத்துக்கு ஒத்தைப் பைசா வாங்காமச் சமைச்சவன் நான். மனுசனை எவ்வளவு கேவலமா நினைச்சிருந்தா இப்படி வாங்கிட்டு வருவான், நீங்களே சொல்லுங்க.

தூக்கிப் பரண்ல போடுன்னேன். வடிவு கேக்கல. மறுநாள் காலையில காப்பியோட ஒரு சுருட்டையும் தீப்பெட்டியையும் கொண்டாந்து வச்சா. 'சளிக்கு நல்லதாம். காட்டமான புகை மூக்கைத் திறந்து விடுமாம். பிள்ளை ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான், வீணாக்கக் கூடாது'ன்னா. அவளுக்குத் தெரியாது பாருங்க, வாயில வந்ததைச் சொல்லுதா. ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மூக்கைத் திறக்கும்னாளே. திறந்தாலும் திறக்கும். யாரு கண்டா?

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுல உக்காந்து பத்த வச்சேன். லேசுல பத்தாது, ஈரச்சுருட்டு. நாலு குச்சி போச்சு. இழுத்தேன். தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணு எரிஞ்சுச்சு. நாக்கு முதல்ல சுட்டுச்சு, அப்புறம் மரத்துப் போச்சு. உதடும் மரத்துப் போச்சு. மூக்குல மட்டும் ஒண்ணுமில்ல. வெறும் சூடு வந்து வெறும் சூடு போகுது.

எதுத்த தையல்கடைக்காரர் ஓடி வந்து, 'எங்கயோ டயர் எரியுது'ன்னாரு. பக்கத்து வீட்டுல ஜன்னலைப் படார்னு சாத்தினாவ. ரிட்டயர்டு போஸ்ட்மேன் சிதம்பரம் தெருவோட போனவரு, 'வெளிநாட்டுச் சுருட்டா, ஒண்ணு குடுங்க'ன்னு வாங்கிப் பத்த வச்சாரு. ஒரே இழுப்பு. அப்படியே வாறுகால் சாக்கடை ஓரமா உக்காந்துட்டாரு மனுசன். கண்ணுல தண்ணி. 'பிரமநாயகம், இது என்ன எழவுய்யா, ஆட்டுக் கொட்டாயைக் கொளுத்தின மாதிரி இருக்கு'ன்னாரு. என் ஆளு பெருமாள் வந்தான், 'பிஞ்ச செருப்பு'ன்னான். நான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டேன் அண்ணாச்சி, என்ன வாடை, என்ன வாடைன்னு. ஆளுக்கு ஒண்ணு சொன்னாவ. எனக்கு எல்லாரு மேலயும் பொறாமையா இருந்துச்சு. பிஞ்ச செருப்பு வாடைக்கு ஒரு மனுசன் ஏங்குவானா? நான் ஏங்கினேன்.

அப்பம் வடிவு பின்வாசல்ல வந்து நின்னா. அந்தப் புகைக்குள்ளயே வந்து நின்னா, மூக்கைக்கூடப் பொத்தல. 'எப்படி இருக்கு?'ன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? 'நல்ல மணம்'னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன்கூட. அவ சுவத்துப் பக்கம் திரும்பி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைச்சா. 'புகை'ன்னா.

அதுக்கப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒண்ணு. ஆடி முழுக்க அதுதான். காப்பி, சுருட்டு, தீப்பெட்டி. அவ வந்து நிப்பா, 'எப்படி இருக்கு?' நான் 'நல்ல மணம்'பேன். தெரு முழுக்கத் திட்டினாவ. வேலை பாக்கிற இடத்துக்கும் சட்டைப்பையில ஒண்ணு கொண்டு போவேன், மண்டபத்துப் பின்னால நின்னு குடிப்பேன். பிரமநாயகம் வந்துட்டாருன்னா வாடையிலயே தெரியும்னு கேலி பண்ணுத அளவுக்கு ஆயிட்டு. என் ஆளுகளுக்கு அது பழகிப் போச்சு. எந்த வாடை வந்தாலும் 'மாஸ்டர் சுருட்டு'ன்னு விட்டுருவானுவ. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கிடுங்க.

ஆவணியில தச்சநல்லூர்ல வேலாயுதம் வாத்தியார் வீடு கிரகப்பிரவேசம். ரிட்டயர்டு ஆன பணத்தை எல்லாம் போட்டுக் கட்டின வீடு. முந்தின வாரம்தான் ஒரு விசேஷத்துல வடிவு மறுபடியும் கையில விட்டு நக்கினா. இந்த தடவை எனக்குப் பொறுக்கல. ஆளுக எல்லாரும் நிக்காவ, போட்டேன் சத்தம். 'நீ வாறதா இருந்தா நான் வரல. எச்சிப்படுத்தின சோத்தைச் சாமிக்கு வைக்க எனக்கு இஷ்டமில்ல'ன்னேன். அவ கரண்டியைக் கீழ வச்சா. என்னமோ சொல்ல வந்தா, அப்புறம் வாயை மூடிக்கிட்டா. 'நான் வரல, நீங்க போங்க'ன்னா. போகும்போது வாசல் வரைக்கும் வந்து, 'சக்கரைப் பொங்கலுக்கு மட்டும் பெருமாளைப் பக்கத்துலயே நிக்கச் சொல்லுங்க'ன்னா. எனக்கே பாடம் சொல்லுதாளான்னு திரும்பிப் பாக்காமப் போயிட்டேன்.

காலையில ஒன்பது மணிக்கு முகூர்த்தம். எனக்கு அன்னைக்கு ஏனோ ஒரு படபடப்பு. பொங்கலுக்கு வெல்லம் போட்டுக் கிண்டிட்டு, பின்னால போயி ஒரு சுருட்டைப் பத்த வச்சேன். இழுத்தேன், ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். திரும்பி வந்து மூடியைத் தூக்கினேன். ஆவி வந்துச்சு. முகத்துல சூடு பட்டுச்சு. ஏலம் போட்டேன், நெய் விட்டேன், இறக்கச் சொன்னேன். பெருமாள் பக்கத்துலதான் நின்னான். 'மாஸ்டர், சுருட்டு ரொம்ப கருகின வாடை அடிக்கு'ன்னான். 'வேலையைப் பாருல'ன்னேன்.

புதுவீட்டுச் சாமிக்கு முதல் படையல் அண்ணாச்சி. தீபாராதனை காட்டி, வாத்தியார் சம்சாரம் முதல் வாய் எடுத்துப் போட்டாவ. நான் நிலைப்படியில நிக்கேன். அந்த அம்மா முகம் மாறினதைப் பாத்தேன். துப்பவும் முடியாது, பிரசாதம். கண்ணை மூடி முழுங்கினாவ. வாத்தியார் எடுத்தாரு, அவரும் முழுங்கினாரு. அடுக்களைக்குப் போயி அண்டாவைக் கிண்டிப் பாத்தேன். அடியில ஒரு விரக்கடைக்குக் கரி. வெல்லம் அம்புட்டும் கருகிக் கட்டியா நிக்கு. அந்த வாடை தெரு முழுக்க அடிச்சிருக்கும். அஞ்சு ஆளு சுத்தி நின்னோம். ஒருத்தனும் கண்டுபிடிக்கல, எல்லாம் என் சுருட்டுன்னு நினைச்சிட்டானுவ.

வெக்கமா இருந்திருக்கணும். இல்ல. அண்டாவையே பாத்துக்கிட்டு நின்னேன், உதடு மரத்துப் போயி.

அப்பம்தான் சபையில ஒருத்தர் சொன்னாரு, 'சுருட்டுப் புகை சோத்துல ஏறிட்டுய்யா'ன்னு. இன்னொருத்தர், 'ஆமா, குடிச்சுக்கிட்டே கிண்டினா?'ன்னாரு. வாத்தியார் என்னைப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சு, 'ஆமா சார், சுருட்டுதான். இன்னையோட விட்டேன்'னேன். அவரு காலைத் தொட்டு மன்னிப்பு கேட்டேன். நல்ல மனுசன், தோளைத் தட்டிக் குடுத்தாரு. யோசிச்சுப் பாருங்க. சுருட்டுக் குடிக்கிற தவசுப்பிள்ளை சுருட்டை விட்டா சரியாயிட்டு. மூக்கில்லாத தவசுப்பிள்ளை எதை விடுவான்? அந்த மச்சினன் என்னைக் கேவலப்படுத்த வாங்கிட்டு வந்த சுருட்டு என் பேரைக் காப்பாத்திட்டு. இதை அவன்கிட்ட நான் சொல்லல.

வீட்டுக்கு வந்தேன். சேதி எனக்கு முந்தியே வந்திருந்துச்சு. கட்டுல மிச்சம் நாலு சுருட்டு இருந்துச்சு. வடிவு எடுத்து அடுப்புல போட்டா. எரியிறதையே பாத்துக்கிட்டு நின்னா, ரொம்ப நேரம். பிள்ளை ஆசையா வாங்கிட்டு வந்தது வீணாகக் கூடாதுன்னு சொன்னவதானா இவள்னு இருந்துச்சு எனக்கு.

இப்பம் அவ கூட வாரா. சாமிக்குத் தனியா முதல்ல எடுத்து வச்சிருதோம், அப்புறம் அவ பாட்டுக்கு எல்லாத்தையும் ருசி பாக்கா. நான் கண்டுக்கிடுறதில்ல. பொம்பளைக்கு அதுல ஒரு ஆசை, போகட்டும்னு விட்டுக் குடுத்துட்டேன். நாலு மாசமா ஒரு குறை இல்ல. அந்தக் கை போகுமா, முப்பது வருசக் கை.

அதைவிட ஒண்ணு சொல்லுதேன். இந்தக் கையை மூடிக்கிட்டு வருவான்னு சொன்னேன்லா, அது இப்பமும் உண்டு. ஆனா இப்பம் நான் தப்புறதே இல்ல. நெல்லையப்பர்மேல சத்தியமாச் சொல்லுதேன், நாலு மாசத்துல ஒருநாள் தப்பல. அவ முகத்தைப் பாப்பேன், கடைச் சாமானை யோசிப்பேன், குத்துமதிப்பாச் சொல்லுவேன். 'ஆமா'ம்பா. முந்தி மாதிரி கையை விரிச்சுக் காட்டுறது இல்ல, சொன்னதும் சிரிச்சுக்கிட்டே உள்ள போயிருவா. போன வாரம் ஏலக்காய்னேன். 'ஆமா, ஏலக்காதான்'னா. எனக்கே ஆச்சரியம். ஏன்னா அன்னைக்குக் காலையிலதான் ஏலக்காய் தீந்து போச்சுன்னு நான் சீட்டுல எழுதி வச்சேன். எங்க இருந்து எடுத்தாளோ.

வாசல் கேட்டு கிரீச்சுங்குது. அவதான். அண்ணாச்சி, கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுங்க, கூப்பிடாம இருங்க, அது உங்க இஷ்டம். நான் சொன்னதை மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க. ஊருக்கே தெரிஞ்சாலும் பரவால்ல, அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. என் மூக்கை வச்சுத்தான் அவ தெருவுல தலை நிமிந்து நடந்தா. தெரிஞ்சா தாங்க மாட்டா.

இன்னொரு உபகாரம். இப்பம் வந்து கையை நீட்டுவா பாருங்க. உங்க மூக்கு நல்ல மூக்கு, பழைய சாக்குன்னு கரெக்டாச் சொன்னிய. என்ன வாசம்னு உதட்டை அசைச்சுக் காட்டிருங்க, நான் பாத்துக்கிடுதேன்.

வா வடிவு. கோயில்பட்டியில இருந்து வந்திருக்காவ, மக கல்யாணத்துக்குத் தேதி கேட்டு. என்ன, விருந்தாள் முன்னாலயுமா? சரி, நீட்டு. அண்ணாச்சி, நீங்களும் வேணும்னா மோந்து பாருங்க, கிட்ட வாங்க.

என்ன அண்ணாச்சி, முழிக்கிய? அவ கையையே பாக்கிய? வாசம் வரலையா? உங்களுக்குமா வரல?

சரி, விடுங்க, நானே சொல்லுதேன். கிராம்பு. கிராம்புதான வடிவு?

பாத்தியளா அண்ணாச்சி. ஆமாங்கா.